இருமலில் வரும் மயக்கம்: மலைச்சாலை ஓட்டுநர்களுக்காக ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைச்சாலை விபத்துச் செய்திகளில் "ஓட்டுநருக்குத் திடீரென மயக்கம் ஏற்பட்டதால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது" என்ற வரியை வாசகர்கள் அவ்வப்போது படித்திருப்பார்கள். அந்த மயக்கம் எதனால் வந்தது என்று அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. சர்க்கரை குறைந்திருக்கும், ராத்தூக்கம் கெட்டிருக்கும், நெஞ்சுவலியாக இருக்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக் கலைந்துவிடுகிறோம். இந்தக் காரணங்களோடு சேர்த்து எண்ண வேண்டிய, ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் அநேகமாக யாரும் எண்ணிப் பார்க்காத இன்னொரு காரணம் இருக்கிறது. அது அடக்க முடியாத தொடர் இருமல். இருமி இருமி, அந்த இருமலின் உச்சத்திலேயே ஒரு மனிதர் நினைவிழந்து சாயக்கூடும் என்பதையும், அவர் கையில் ஸ்டீயரிங் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இரு மாநிலத்து வாசகர்களும் அறிய வேண்டும் என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன். இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் என்ற முறையில், இருமல் மருந்து கேட்டு வரும் ஓட்டுநர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் நான் நெருக்கமாக அறிவேன்.

எனக்குத் தெரிந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் ஐம்பதை ஒட்டிய வயதினர். அகன்ற மார்பும் கனத்த உடலும் கொண்டவர். இளவயதிலிருந்தே பீடிப் பழக்கம் உள்ளவர். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவது அவர் பிழைப்பு. ஒருநாள் லோயர் கேம்ப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்காத இருமல். முகம் சிவந்து, பிறகு கருத்து, கழுத்து நரம்புகள் விரல் கனத்துக்குப் புடைத்தன. கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது. அவரும் பக்கவாட்டில் சரிந்தார். கைகள் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தன. "வலிப்பு, வலிப்பு" என்று சத்தம் எழுந்தது. கடைக்காரர் கல்லாப்பெட்டிச் சாவியை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் திணிப்பதற்குள் அவர் கண் விழித்து எழுந்து உட்கார்ந்து, "என்னப்பா, எல்லாரும் இப்படிச் சுத்தி நிக்கிறீங்க?" என்று தெளிவாகக் கேட்டார். மொத்தமும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. சற்று நேரத்தில் அவர் எழுந்து போய் வண்டியை எடுத்தார் என்பதுதான் நினைக்க நினைக்க நடுக்கம் தரும் செய்தி.

அதன் பிறகு அவர் பார்த்த மருத்துவரிடம், கூடப் போனவர்கள் "விழுந்தார், கை கால் வெட்டியது" என்று மட்டுமே சொன்னார்கள். இருமலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது அவருக்கு எப்போதும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டார்கள். அதனால் வலிப்பு மாத்திரை தொடங்கப்பட்டது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் மயக்கம் நிற்கவில்லை. பகலெல்லாம் தூக்கக் கலக்கம் வேறு சேர்ந்துகொண்டது. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், அப்பாவுக்கு வலிப்பாமே என்ற பேச்சினால் பாதியில் நின்றது. வேறொரு மருத்துவர், அவர் மனைவியை உட்காரவைத்து, முதலில் வந்தது இருமலா, விழுந்ததா என்று பொறுமையாகக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. "மொதல்ல இருமுனாரு சார், மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, அப்புறந்தான் சாஞ்சாரு" என்று அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியம், அதுவரை எடுத்த ஸ்கேன்களைவிட அதிகம் உதவியது.

இருமும்போது உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த மயக்கத்தில் மர்மம் ஏதும் இல்லை என்பது புரியும். ஒருவர் இருமுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுக்கிறார். குரல்வளையின் வாய் மூடிக்கொள்கிறது. மூடிய அந்த வாய்க்கு எதிராக மார்புத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுகி நெருக்கிய பிறகே, வாய் திறந்து காற்று வெடித்து வெளியேறுகிறது. பலமான இருமலில் மார்புக்குள் உண்டாகும் அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை ஏறக்கூடும். நம் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சாதாரணமாக 120 என்பதோடு இதை ஒப்பிட்டால், அதன் வலிமை விளங்கும். இந்த நெருக்கலில் மார்புக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய்கள் அழுத்தப்பட்டு, உடலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைப்படுகிறது. திராட்சைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸை மடித்துப் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. திரும்பி வராத ரத்தத்தை இதயம் எப்படி வெளியே தள்ளும்? ரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது. அதே வேளையில் மண்டையோட்டுக்குள்ளும் அழுத்தம் ஏறுவதால், மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் இரண்டு பக்கத்திலும் நெருக்கடிக்கு உள்ளாகிறது. ஒரே ஒரு இருமலில் இது பெரும்பாலும் நேராது. மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் இருமல் அடுக்கடுக்காக வரும்போது, சில வினாடிகளில் கண் இருண்டு நினைவு தப்புகிறது. நினைவு தப்பியதும் இருமல் நின்றுவிடும், நின்றதும் ரத்தம் மறுபடி பாயும், ஆள் விழித்துக்கொள்வார். மூளைக்கு ரத்தம் குறைந்த அந்தச் சில வினாடிகளில் கை கால் ஓரிரு தடவை வெட்டுவதுதான் பார்ப்பவர் கண்ணுக்கு வலிப்பாகத் தெரிகிறது.

மருத்துவ உலகமும் இதில் நெடுங்காலம் குழம்பியது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1876இல் இந்த நிலையை முதன்முதலாக விவரித்தபோது, குரல்வளையிலிருந்து எழும் ஒருவகைத் தலைசுற்றல் என்றே கருதினார். அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் இதை வலிப்பின் ஒரு வகையாகவே பலர் எண்ணினர். 1953இல் லண்டனில் ஷார்ப்பி ஷேஃபர் என்ற மருத்துவர் இருமலின்போது ரத்த அழுத்தம் மாறும் விதத்தை அளந்து காட்டிய பிறகே, ரத்த ஓட்டம்தான் காரணம் என்ற தெளிவு பரவியது. மருத்துவர்களுக்கே இத்தனை காலம் பிடித்திருக்கும்போது, டீக்கடையில் பதறி நின்றவர்களைக் குறை சொல்ல முடியாது.

வலிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் இருப்பவர்களே ஓரளவு கவனிக்கலாம். இந்த மயக்கத்துக்கு முன்னால் எப்போதும் இருமல் இருக்கும். நினைவு திரும்புவதும் சில வினாடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிடத்துக்குள் நிகழும்; எழுந்ததும் பேச்சு தெளிவாக இருக்கும். வலிப்பில் வெட்டி இழுப்பது நீண்ட நேரம் நீடிப்பதும், நாக்கின் ஓரம் கடிபடுவதும், நினைவு வந்த பிறகும் வெகுநேரம் குழம்பிக் கிடப்பதும், அசந்து தூங்குவதும் வழக்கம். இவையெல்லாம் மருத்துவரிடம் சொல்வதற்கான குறிப்புகளே தவிர, வீட்டிலேயே முடிவு செய்துகொள்வதற்கானவை அல்ல. இதய வால்வு சுருக்கம், இதயத் தசை தடிப்பு, இதயத் துடிப்பில் தடை போன்றவை இருந்தாலும் இருமும்போது மயக்கம் வரலாம். அரிதாகச் சிலருக்கு மூளையின் பின்பகுதியில் உள்ள கோளாறு காரணமாக இருக்கும்; அவர்களுக்கு இருமினால் பின்மண்டையில் கடும் வலி எடுக்கும். ஆகவே இசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இருமல் இல்லாமலே மயங்குபவர்களும், மலையேறும்போதோ சுமை தூக்கும்போதோ மயங்குபவர்களும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் பகுதிக்கே உரிய நிலைமையைச் சொல்கிறேன். நடுத்தர வயதைத் தாண்டிய, உடல் பருத்த, புகைபிடிக்கும், நெடுநாள் மூச்சுக்குழாய் நோயுள்ள ஆண்களிடமே இந்த மயக்கம் அதிகம் காணப்படுகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கம்பத்திலோ குமுளியிலோ ஜீப் ஸ்டாண்டில் போய் நின்று பார்த்தால், இந்த விவரிப்புக்குப் பொருந்துகிறவர்கள் அங்கேயே கண்ணில் படுவார்கள். பீடி, விடியற்காலைப் பனி, டீசல் புகை, பொழுது தவறிய சாப்பாடு, அதனால் நெஞ்சுக்கு ஏறும் புளிப்பு ஆகிய அனைத்தும் இருமலை வளர்ப்பவை. இரைப்பையின் அமிலம் மேலே ஏறித் தொண்டையைத் தொடுவதும் தீராத இருமலுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. மேலே ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பவர்களும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் விறகுப் புகைக்கு நடுவே நிற்பவர்களும், லயத்து வீடுகளில் விறகடுப்பில் சமைக்கும் பெண்களும் பீடியைத் தொடாமலே நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கக்குவான் இருமல் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் என்று நினைப்பதும் சரியன்று. பெரியவர்களுக்கும் வரும், இருமலின் முடிவில் வாந்தியும் மயக்கமும் அவர்களுக்கும் நேரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும், அது இரு மாநில அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

மருந்துக் கடைக்காரனாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றி. எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில் என்று "பிரில்" என முடியும் பெயருள்ள மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. பல உயிர்களைக் காப்பவை. ஆனால் அவற்றைச் சாப்பிடுபவர்களில் ஒரு பகுதியினருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வரும். மாத்திரை தொடங்கிச் சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். அந்த இருமலுக்கு எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் பயனில்லை. மருத்துவரிடம் சொன்னால் அவர் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தருவார். பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவது பக்கவாதத்தையோ மாரடைப்பையோ வரவழைக்கும் செயல், அதை ஒருபோதும் செய்யக் கூடாது. எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ மாத்திரை எழுதி வாங்கியவர், இருமலுக்குக் கம்பத்தில் வந்து இன்னொரு மருத்துவரைப் பார்ப்பார். அங்கே எழுதியது இவருக்குத் தெரியாது, இங்கே எழுதியது அவருக்குத் தெரியாது. மலைக்கு மேலும் கீழும் வாங்கிய எல்லா மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லும் பழக்கம் நமக்கு அவசியம் வேண்டும்.

இருமல் சிரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வண்டி எடுக்கணும், ஒரு சிரப் குடுங்க" என்று கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே இரண்டு மூடி குடித்துவிட்டுக் கிளம்பும் ஓட்டுநர்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் பல சிரப்புகளில் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற தூக்கம் வரவழைக்கும் மருந்துகள் உள்ளன. இருமலால் வரும் மயக்கத்துக்குப் பயந்து, தூக்கத்தை விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ளும் நிலைமை அது. கடையில் நிற்கும் என் தொழில்முறைச் சகோதரர்கள், சிரப் கேட்பவர் வண்டி ஓட்டுபவரா என்று ஒரு கேள்வி கேட்ட பிறகே பாட்டிலை எடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் செய்தி ஒன்றும் இதில் தீங்கு செய்கிறது. தனியாக வண்டி ஓட்டும்போது நெஞ்சுவலி வந்தால் திரும்பத் திரும்பப் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்று அது சொல்கிறது. மருத்துவமனையில், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே, மருத்துவர் சொல்லி நோயாளி இருமும் அரிதான சந்தர்ப்பங்கள் உண்டு. பொதுமக்கள் தாமே செய்துகொள்ளும் முதலுதவியாக இதை இதயநோய் வல்லுநர் அமைப்புகள் பரிந்துரைக்கவில்லை. ஓடும் வண்டியில் வலிந்து இருமுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை மேலே சொன்னவற்றிலிருந்தே வாசகர்கள் உணர்ந்துகொள்ளலாம். நெஞ்சுவலி வந்தால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு 108ஐ அழைப்பதே செய்ய வேண்டிய காரியம்.

சட்டம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் தம் உடல்நிலை பற்றித் தாமே உறுதியளிக்கும் படிவம் 1இல், வலிப்போ, எந்தக் காரணத்தினாலும் திடீரென நினைவிழப்போ தலைசுற்றலோ உங்களுக்கு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்களும் 40 வயதைக் கடந்தவர்களும் படிவம் 1ஏயில் மருத்துவச் சான்றும் தர வேண்டும். பிரிட்டனில் இருமலால் ஒருமுறை மயங்கியவர் 6 மாதமும், பலமுறை மயங்கியவர் 12 மாதமும் காரைத் தொடக் கூடாது என்று விதி உண்டு. பஸ், லாரி ஓட்டுபவர்களுக்கு அதைவிட நீண்ட தடை. நம் ஊரில் அந்தப் படிவத்தின் கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடிப்பது பெரும்பாலும் டிரைவிங் ஸ்கூல் பையன்தான்; விண்ணப்பித்தவர் அந்தக் கேள்வியைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. படித்தாலும் உள்ளதைச் சொல்ல அவருக்குத் துணிவு வராது. டிரிப் ஓடினால்தான் அன்றைய அடுப்பு எரியும். அவரைப் பயமுறுத்திப் பயனில்லை. மேலே நான் சொன்ன ஓட்டுநர், சிகிச்சை நடந்த மாதங்களில் வண்டியைத் தொடாமல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் எடை போடும் வேலை பார்த்தார். வண்டி உரிமையாளர் பேசி ஏற்பாடு செய்து கொடுத்த வேலை அது. பீடியை விட்டார், மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை முறையாக இழுக்கக் கற்றுக்கொண்டார், எடை குறைந்தது, இருமல் தணிந்தது, இருமல் தணிந்ததும் மயக்கமும் நின்றது. வலிப்பு மாத்திரையை மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இதற்கென்று தனி மருந்து கிடையாது, இருமலுக்குக் காரணமான நோயைக் குணப்படுத்துவதே இதற்கான சிகிச்சை. இன்ஹேலர் பழகினால் விட முடியாது என்று நம் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

இருமல் உள்ள ஓட்டுநர்கள் ஒன்றை மட்டும் உடனடியாகக் கடைப்பிடிக்கலாம். இருமல் அடுக்கத் தொடங்குகிறது என்று தோன்றிய கணமே வேகத்தைக் குறைத்து இடப்புறம் ஒதுங்கி வண்டியை நிறுத்திவிட வேண்டும். வளைவு தாண்டட்டும், ஏற்றம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஒருமுறையாவது இருமி மயங்கியவர், மருத்துவர் சம்மதம் தரும்வரை ஓட்டவே கூடாது. வண்டியில் உட்கார்ந்து வரும் பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். "அண்ணே, ஓரங்கட்டுங்க" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. மயங்கியவரைக் கண்டால் தரையில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துத் திருப்பினால் போதும். சாவி, வெங்காயம், செருப்பு எதுவும் வேண்டாம். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பதற்றமில்லாத ஒருவர் அருகில் இருந்தால், நடப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டலாம். நோயைக் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு நாட்களில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள். ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் குமுளி, கம்பம்மெட்டு சாலைகள் நிரம்பி, ஓட்டுநர்கள் இரவு பகல் பாராமல் உழைத்துக் களைத்திருக்கும் காலமும் அதுவே. தேனி, இடுக்கி மாவட்டங்களின் சுகாதாரத் துறையும் போக்குவரத்துத் துறையும் அந்த முகாமில் கண்ணோடு நுரையீரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊதிப் பார்க்கும் சிறு கருவி ஒன்றும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும், "இருமும்போது எப்போதாவது கண் இருண்டதுண்டா, சாய்ந்ததுண்டா?" என்று தமிழிலும் மலையாளத்திலும் கேட்க ஒரு செவிலியரும் போதும். "ஆம்" என்பவரின் உரிமத்தை அங்கேயே பறிக்கப் போவதில்லை என்ற உறுதியை முதலிலேயே தந்தால்தான் உண்மை வெளிவரும். அவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, குணமாகும்வரை மாற்று வேலைக்கு ஜீப் உரிமையாளர் சங்கங்களும் தோட்ட நிர்வாகங்களும் பொறுப்பேற்க முன்வர வேண்டும். அந்த முகாமை ஜீப்புகள் கிளம்பும் இடத்திலேயே, அவை கிளம்பும் அதிகாலை நேரத்திலேயே நடத்த வேண்டும் என்றும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பகல் பதினொரு மணிக்குப் பந்தல் போட்டால் ஓட்டுநர்கள் எல்லாரும் மலைக்கு மேலே இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கூடலூர், தேனி மாவட்டம்.